நூற்றுத் தொண்ணூற்றொன்பதாவது வரி

கடலூர் முதுநகர்,
ஐஸ் கம்பெனியின் கணக்கறை.
விடியற்காலை மூன்று பத்து.
கர்னல் ஒரே வரியைத்
திரும்பத் திரும்பச் சொல்கிறது:
ஸ்வாப் டிவைஸில் வாசிப்புப் பிழை, எட்டு, பூஜ்யம்,
பிறகு நீளமாய் ஓர் எண்.

மெமரி நாலு ஜிபி.
முதலாளி அதற்கு மேல் வாங்கித் தரமாட்டார்.
ஆகவே கைக்கு அவசரமில்லாததையெல்லாம்
டிஸ்கின் ஒரு மூலையில் கொண்டுபோய் வைக்கிறது.
அடகுக்கடைதான்.
வட்டியை மட்டும் நேரமாக வாங்கிக்கொள்ளும்.

இன்றைக்குச் சீட்டை நீட்டினால்
பொருள் இல்லை.

பொருள் இல்லையென்றால் கர்னல் வாதாடாது,
கேட்டவனைக் கொன்றுவிடும்.
ஒரு தப்பும் செய்யாத பில் புரோகிராம்
மூன்று முறை செத்தது.
வெளியே ரசீதுக்குப் பதினேழு படகுக்காரர்கள்.
உடைத்த ஐஸ் தரையில் வியர்க்கிறது.

டிஸ்க் போச்சு, புதுசு நாலாயிரம் என்று
நேற்றே சொல்லிவிட்டது பாண்டி கடை.

ஸ்வாப்-ஆஃப் அடிக்கப் போன கையை
இழுத்துக்கொண்டேன்.
அணைப்பதென்றால் வைத்ததெல்லாம் வீடு திரும்ப வேண்டும்.
திரும்பாதது எதுவென்று
அப்போதுதான் தெரியும்.

டிஸ்கின் உடம்பு அறிக்கையைத் திறந்தேன்.
கெட்டுப்போன செக்டர், பூஜ்யம்.
கெடக் காத்திருப்பது, பூஜ்யம்.
நூற்றுத் தொண்ணூற்றொன்பதாவது வரி மட்டும்
நானூற்றுப் பன்னிரண்டு.

பக்கத்துக் கொட்டகையில்
தனவேலு கம்ப்ரசரைப் போட்டார்.
சுவர் உதறியது.
மறுபடி பார்த்தேன்.
நானூற்றுப் பத்தொன்பது.

"அண்ணே, நிறுத்திட்டுத் திரும்பப் போடுங்க."
"ஐஸு எளகிடும்மா."
"ஒரே ஒரு தரம்."

நானூற்று முப்பது.

மூடியைக் கழற்றினேன்.
சிவப்புக் கேபிள், அதன் வாயில் பச்சை.
உப்பனாற்றுக் காற்று ஏழு வருஷமாக
ஜன்னல் வழியே வந்து நக்கியிருக்கிறது.
கொடுத்தவன் நாணயம், வாங்கினவன் நாணயம்;
நடுவில் ஒரு முழம் ஒயர்
உதறும்போதெல்லாம் எழுத்தை மாற்றிச் சொல்லியிருக்கிறது.

செத்துக் கிடந்த கேமரா பெட்டியிலிருந்து
வேறொன்றை உருவி மாட்டினேன்.
கம்ப்ரசர் ஓடியது.
கர்னல் ஒன்றும் சொல்லவில்லை.
நல்ல செய்தி சொல்லும் வழக்கம் அதற்கு இல்லை.

முதல் ரசீது, சோனாங்குப்பம் குப்புராசு, இருபது பார்.

அந்த எண் இனிக் குறையாது,
புதுக் கேபிளுக்காகக்கூட.
ஏறாமல் நின்றால் போதும்.
430 என்று எழுதி, தேதி போட்டு,
பெட்டியின் மேல் ஒட்டினேன்.
ஈரத்தில் ஒரு மூலை
உடனே கிளம்பிவிட்டது.