வேலிக்கு ஓணான் சாட்சி

பள்ளத்தூருக்குக் கிழக்கே, தைலமரக் காடு முடிகிற இடத்தில்
செம்புறாங்கல் வெட்டிய பள்ளத்தைச் சுற்றிப்
பன்னிரண்டு கட்டம். சணல் கயிறு, சுண்ணாம்புக் குறி.
ஆறு கட்டத்தில் ஓணான் ஒன்றுகூட இருக்கக் கூடாது.
ஆறில் தொடக் கூடாது.
இதுதான் வேலை. தினம் அறுநூறு ரூபாய்.

ஆட்டுக்காரன் சேவுகனைவிட
இந்தப் பொட்டலை யார் அறிவார் என்று
ஷைனி மேடத்திடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
சொல்லாமல் விட்டது:
போன கார்த்திகையில் என் மகள் பதினோரு நாள்
காரைக்குடி ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.
பாவாடை நாடா இறுக்கும் இடத்தில்
பீடி சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு;
அதைக் கண்டுபிடிக்கவே ஏழு நாள்.

அன்றிலிருந்து ஓணான்மேல் எனக்குப் பகை.
ஈர்க்கு நுனியில் நைலான் சுருக்கு.
மூச்சை அடக்கி நீட்டினால்
தானே தலையைக் கொடுக்கும், மடையன்.
புரட்டிப் பார்த்தால்
கழுத்து மடிப்பில், காதுக் குழியோரம்,
எள்ளைக் கிள்ளி ஒட்டினாற்போல உண்ணிக் குஞ்சுகள்.
முப்பத்தொன்று. நாற்பத்து நாலு. ஒன்றில் அறுபது.
"பாருங்க மேடம், திருட்டு மடியிலேயே இருக்கு."

இடுக்கியைத் துடைத்துக்கொண்டே மேடம் சொன்னார்:
கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு காட்டில்
ஓணான் ரத்தம் குடித்த உண்ணிக்கு
வயிற்றிலிருந்த கிருமி செத்துப்போகிறதாம்.
அது வேறு ஓணான், வேறு உண்ணி, வேறு காய்ச்சல்.
இங்கே எப்படியோ,
எனக்கும் தெரியாது என்றார்.

அன்று ராத்திரி தூக்கம் இல்லை.
சின்ன வயதில் கல்லெறிந்து கொன்றதெல்லாம்
வரிசையாக வேலி ஏறி வந்தன.
மறுநாள் ஏழாம் கட்டத்தில்
செங்கழுத்து ஆண் ஒன்றைப் பார்த்தும்
பார்க்காதவன் போல நடந்தேன்.
கணக்குக்கு அது துரோகம்.
சாயங்காலம் போய்ப் பிடித்துவிட்டேன்.

சித்திரை வெயிலில் வெள்ளைத் துணியைப்
புல்லின்மேலும் சருகின்மேலும் இழுத்து இழுத்து எண்ணினோம்.
ஓணான் இல்லாத கட்டங்களில் உண்ணி பாதிக்கும் கீழே.
சோறு போட்ட வீட்டைப் பூட்டியாயிற்று;
பட்டினியில் செத்திருக்கும், அவ்வளவுதான்.
அப்படியானால் பிடித்தது சரியா மேடம்?
"மிச்சம் எலிமேல் ஏறியிருக்கு, சேவுகன்.
எலிகிட்ட அதுக்கு என்ன கிடைக்குதுன்னு
அடுத்த வருஷம் பார்க்கணும்."

ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி.
இந்த வழக்கில் வேலி சணல் கயிறு,
அதுவும் அவிழ்த்துச் சுருட்டியாயிற்று.
கூண்டிலிருந்தவற்றைக் கொண்டுபோய் விட்டோம்.
ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்டை அடைத்தபின் டார்ச் அடித்து
மகளின் காதுக்குப் பின்னே தேடுவது இப்போது வழக்கம்.
கூசுதுப்பா என்று நெளிவாள்.
நேற்று ஒன்று அகப்பட்டது.
எட்டுக் கால், இன்னும் கடிக்கவில்லை.
மிச்சமிருந்த குப்பியில் போட்டுப்
பென்சிலால் தேதி எழுதினேன்.
கட்டம் என்று கேட்ட இடத்தில்
பதின்மூன்று.