ஏழாவது கேள்வி

ஸாடர் நகரம். ஜூன் வெயில்.
உயிரியல் தாளில் ஏழாவது:
நினைவைச் சேர்த்துவைக்கும் மூளைப்பகுதி எது?

விஷ்ன்யாவுக்குத் தெரியும்.
தெரியும் என்பது மட்டும்தான் தெரியும்.
பெயரை வைத்திருப்பதும் அதுதான்,
தர மறுப்பதும் அதுதான்.

பாதாம்பருப்பளவே உள்ள ஒன்று
உள்ளங்கையெல்லாம் வியர்க்க வைக்கிறது.
நெற்றிக்குப் பின்னாலிருந்து ஓர் அதட்டல்:
எட்டாவதுக்குப் போ.
போகவில்லை.
பின்மண்டை
ஜன்னலில் ஒரு படகைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

உப்புக்காற்று.
மூக்கு எங்கோ சொல்லியனுப்ப,
சிறுமூளை தன்பாட்டுக்குப்
பேனாவை ஓட்டுகிறது தாளோரத்தில்:
சுருண்ட வால், நீண்ட மூஞ்சி,
போன கோடையில் அண்ணன் டாமிர்
வலையிலிருந்து பிரித்துத் திரும்ப விட்டானே,
கடற்குதிரை.

இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவன் வாழ்க!
ஹிப்போகாம்பஸ் என்று எழுதிவிட்டு
நிமிர்ந்தாள்.
படகு போய்விட்டிருந்தது.