பாதித் தலை

சோலோமுக்கு இடது பக்கம் முடிந்திருந்தது.
வலது பக்கம் காதைச் சுற்றிக்
கிளிப்பர் திரும்பும்போது
கையிலேயே செத்தது.
வெளியே ஜெனரேட்டரின் எஞ்சின் மட்டும்
ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் புக்குரு சர்ச்சில் அவனுக்குக் கல்யாணம்.
கண்ணாடியில் பாதி மாப்பிள்ளை.
மீதியைக் கத்தரியும் சீப்புமாய் இழுத்தேன்,
முக்கால் மணி நேரம்.
ஹர்மத்தான் காற்றின் தூசி
ஈரக் கழுத்தில் மாவாய் அப்பியது.
"ரெண்டு பக்கமும் ஒன்றா?" என்றான்.
தொப்பி போட்டால் ஒன்று, என்றேன்.

சாயங்காலம் சிடுபெம் வந்தான்.
ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து
எஞ்சினைக் கேட்டான். பிளக்கைக் கழற்றி முகர்ந்தான்.
"இதுக்கு ஒண்ணும் இல்லை, குதிரை."
பிறகு மூடிக்குள்ளிருந்து
கறுப்புப் பெட்டி ஒன்றைக் காட்டினான்.
பிசின் ஊற்றி இறுக்கியது.
உள்ளே எது போனதென்று
செய்தவனுக்கே தெரியாது.
"எஞ்சின் கொடுக்கிற கரண்ட் பரட்டைத் தலை.
இதுதான் அதைச் சீவிச் சிணுக்கெடுத்து அனுப்பும்.
உன் வேலைதான், கியாங்."

பெட்டி மட்டும் மாற்ற லட்சத்து எண்பதாயிரம் நைரா.
புதுசு நாலு லட்சம்.
லாகோஸ் வழி வரும் பழசு இரண்டரை,
எவன் வீட்டில் என்ன பாடுபட்டதோ.
அல்லது அந்தக் கத்துகிற ரகம், ஒரு லட்சம்.
அது ஓடினால்
தலையைக் கொடுத்தவன் பேசுவது
எனக்குக் கேட்காது.
முடி வெட்டிக்கொள்ள மட்டுமா வருகிறார்கள்?

ராத்திரி நோட்டின் பின்னட்டையில் கூட்டினேன்.
ஒரு தலைக்கு ஆயிரம்.
பழுதுக்கு நூற்றெண்பது தலை,
புதுசுக்கு நானூறு,
பெட்ரோலும் வாடகையும் பிளேடும் சேர்க்காமல்.
புக்குருவில் அத்தனை தலை இருக்கிறது.
அத்தனையும் இந்த மாதமே வளர வேண்டும்.
நாலு வருஷத்து மெஷின்; இன்று பெட்டி,
நாளை கார்புரேட்டர், அப்புறம்?
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.

சிடுபெம்மிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு.
மெஷினின் முகத்தில் ஒரு சிவப்பு விளக்கு,
பாரம் தாங்காதபோது எரியும்.
எரிந்தது. ஜூலையிலிருந்தே எரிந்தது,
அடுத்த கடையில் கனெங்
இஸ்திரிப் பெட்டியைச் சொருகும் ஒவ்வொரு முறையும்.
நான்தான் வயர் இழுத்துக் கொடுத்தேன்.
முதல் நாள் காசு நீட்டினாள், வாங்கவில்லை.
ஏன் வாங்கவில்லை என்பதை
இங்கே எழுதப்போவதில்லை.
மெஷின் நின்றால் கயிற்றை மறுபடி இழுப்பேன்.
சிவப்பு கண்ணாடியில் விழுந்து
ஆட்கள் கேட்கத் தொடங்கியதும்
மேலே கறுப்பு டேப் ஒட்டினேன்.

சிடுபெம் அந்த டேப்பைப் பார்த்தான்.
நகத்தால் உரித்தான், உருட்டினான்,
சுண்டி எறிந்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
விலையையும் குறைக்கவில்லை.

புதுசு வாங்கினாலும்
வயர் அதேதான், இஸ்திரியும் அதேதான்.
எதை வாங்கினாலும் கூடவே
'முடியாது' என்ற சொல்லையும் வாங்கியாக வேண்டும்.
அது என்னிடம் ஸ்டாக் இல்லை.

மூன்று நாள் கத்தரியிலேயே ஓட்டினேன். ஏழு தலை.
ஒன்றுக்குக் காசு கேட்கவில்லை,
அழுத குழந்தை.

திங்கட்கிழமை தொண்ணூறாயிரம் முன்பணம்
சிடுபெம்மின் கையில் எண்ணிவைத்தேன்.
பழுதுதான் பார்க்கச் சொன்னேன்.
காரணம் என்று பெரிதாக இல்லை.
அந்தக் கயிறு எத்தனை இழுப்புக்குக் கிளம்பும் என்று
என் தோளுக்குத் தெரியும்.
விளக்கின் மேல் எதுவும் ஒட்டவேண்டாம், என்றேன்.
"நானா ஒட்டினேன்?" என்றான்.

அன்று மத்தியானம்
பலகைச் சுவரின் இடுக்கு வழியே
கரிப்புகை வாசனை.
எட்டிப் பார்த்தேன்.
கனமான இரும்புப் பெட்டியின் வாயைத் திறந்து
கனெங் தணலை ஊதிக்கொண்டிருந்தாள்.
நான் இன்னும் அவளிடம்
ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.
திரும்பினால் என் வாசலில் அந்த வயர்,
சுருட்டி, நடுவில்
தையல் துணியின் கிழிசலால் கட்டி.

சோலோம் கல்யாணப் போட்டோ அனுப்பியிருக்கிறான்.
தொப்பி போட்டிருக்கிறான்.