லாரி வருது என்றேன்

மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான்
மாசிலாமணிக்கு ஞாயிறு ஞாயிறாகக் கிடைக்கும்.
மற்ற ஞாயிறுகளில் நகரத்தில் யாராவது ஒருவர்
ஏதாவதொரு லிப்டில் மாட்டிக்கொண்டு
இவனைக் கூப்பிடுவார்.

கிடைத்த ஞாயிறில் வீட்டில் இருக்கக் கூடாது.
இருந்தால் அவன் அக்கா வருவாள்,
அக்காவோடு அக்காவின் கேள்வி வரும்.

அதனால்தான் இந்த ஊர்கள்.
மாமல்லபுரத்து உருண்டைப் பாறையை
நான் தாங்கிப் பிடிப்பதாக அவன் எடுத்த படத்தில்
என் கை பாறைக்கு அரையடி தள்ளி நிற்கிறது.
காற்றைத் தாங்கிக்கொண்டு சிரிக்கிறேன்.

வேடந்தாங்கலுக்கு ஜூன் கடைசியில் போனோம்.
"இப்ப எதுக்கு வந்தீங்க?"
காவல்காரருக்கு உண்மையிலேயே புரியவில்லை.
எச்சம் காய்ந்து வெளுத்த மரங்களை
ஒரு மணி நேரம் பார்த்தோம்.
யாரும் எங்களை ஒன்றும் கேட்காத
ஒரு மணி நேரம்.

இன்று பழவேற்காடு.
வியாசர்பாடியில் வண்டியை எடுக்கும்போது ஆறேகால்.
மடியில் எலுமிச்சை சோறு இன்னும் சுட்டது.
வண்டியில் ஒரு வசதி,
பேசுகிறவளுக்குக் கேட்கிறவன் முகம் தெரியாது.
முதுகு தெரியும்.
சட்டையில் இஸ்திரி படாத ஒரு மடிப்பு.

மாதவரம் ரவுண்டானாவில் அந்த மடிப்பிடம் சொன்னேன்:
"அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக்கு வேணாம்.
ஊசி போதும் எனக்கு."

"என்ன?" என்றான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

"லாரி வருதுன்னேன்."

லாரி வரவில்லை.
செங்குன்றம், காரனோடைப் பாலம்,
தச்சூர் கூட்ரோட்டில் டீ.
கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான்.
என்னைப் பார்க்கவில்லை. பன் வேண்டுமா என்று மட்டும் கேட்டான்.

ஏரியில் பூநாரைகள் இருந்தன என்று சொல்கிறார்கள்.
நாங்கள் பார்த்தது
தண்ணீர் முடிகிற இடத்தில் ஒரு ரோஸ் கோடு,
சிலேட்டை எச்சில் தொட்டு அழித்த பிறகும்
மிச்சமிருப்பதைப் போல.
பக்கத்தில் போய்ப் பார்க்கப் படகுக்கு எண்ணூறு.
மாசிலாமணி அறுநூறு என்றான்.
படகுக்காரர் தம் பீடியைப் பார்த்தார்.
கரையிலேயே சாப்பிட்டோம்.
வறுத்த கெளங்கா, முள்ளெடுத்து
என் இலைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தான்.

டச்சுக்காரர் கல்லறையின் வாசலில்
இரண்டு கல் எலும்புக்கூடுகள் காவல்.
கதவு பூட்டியிருந்தது.
கம்பி வழியே எட்டிப் பார்த்துவிட்டு,
"இவங்களும் எங்கிருந்தோ வந்து பாத்துட்டுப் போகலாம்னுதான்
நெனச்சிருப்பாங்க" என்றான்.
வழக்கமாக இப்படியெல்லாம் பேசுகிறவன் இல்லை.

திரும்பும் வழியில், ஹைவேயில்,
மூடிப்போன ஒரு தாபாவின் முன்னால்
எங்கள் டைனோசர்.
எங்களுடையது என்று சொல்லக் காரணம்
வேறு யாரும் நிறுத்துவதில்லை.
தாடை உடைந்து கம்பி தெரிகிறது.
யாரோ கழுத்தில் திருஷ்டிக் கயிறு கட்டியிருக்கிறார்கள்.

வண்டியை நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றினான்.
காது இரண்டும் சிவந்திருந்தன.

"சரி. போக வேணாம்."

"எங்க?"

"லாரி வருதுன்னியே, அங்க."

நாற்பது சொச்சம் கிலோமீட்டர்,
ஒரு டீ, ஒரு ஏரி, ஆறு மீன்.
அவ்வளவு தூரமும் அதைச் சுமந்து வந்திருக்கிறான்,
படகுக்காரரிடம் பேரம் பேசும்போதுகூட.
எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

டைனோசரின் காலடியில் ஒரு சிமெண்ட் முட்டை உண்டு.
பாதி உடைந்ததாகவே செய்தது,
பிள்ளைகளை உட்கார வைத்துப் படமெடுக்க.
உள்ளே சருகும் ஒரு பீர் மூடியும்.
ஊதித் தள்ளிவிட்டு
மாசிலாமணி அதற்குள் உட்கார்ந்தான்.
முட்டி இரண்டும் காதைத் தொட்டன.
"எடு" என்றான்.

எடுத்தேன். கொஞ்சம் ஆடிவிட்டது.

பிறகு அவனால் எழ முடியவில்லை.
கையைக் கொடுத்து இழுத்தேன்,
ஒரு காலைச் சிமெண்டில் ஊன்றி,
பல்லைக் கடித்து.
இந்தமுறை கை சரியாகத்தான் பட்டிருந்தது.
எடுக்கத்தான் ஆளில்லை.