ஓர் ‘உம்’

ஆயிரத்து நானூறு டாலர்.
அதில் நானூறு கெல்லனுடையது.
ஆர்வில் ஹாகன் சமையல் மேசையில் வைத்து
இரண்டு முறை எண்ணினார்.
காபிக் கறை படிந்த உரிமைப் பத்திரத்தில்
கண்ணாடி போடாமலே கையெழுத்திட்டுச்
சாவியைத் தள்ளினார் என் பக்கம்.
பியூக். தொண்ணூற்றேழாம் வருடத்து வண்டி. தவிட்டு நிறம்.
ஹீட்டர் பக்கத்து இருக்கைக்கு மட்டும் வேலை செய்யும்,
அதை முன்னமே சொல்லிவிட்டார், நல்ல மனிதர்.

மைனாட்டில் பிப்ரவரி,
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
வாகன அலுவலகத்தில் என் டோக்கன் நாற்பது.
கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கோரின்
பேனாவின் பின்முனையால் ஓரிடத்தைத் தட்டினாள்:
“ஆர்வில் அல்லது ஆர்டீஸ் என்றிருந்தால்
ஒரு கையெழுத்து போதும்.
இதில் ஆர்விலும் ஆர்டீஸும் என்றிருக்கிறது.
‘உம்’ வந்துவிட்டால் இரண்டு பேரும் வர வேண்டும்.”
இரண்டெழுத்து.
அதற்குள் ஒரு கார் மாட்டிக்கொண்டது.

தொலைபேசியில் ஆர்வில் வெகுநேரம் இருமினார்.
“பிஸ்மார்க்கில் இருக்கிறாள். இருக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன்.
பத்தொன்பது வருடம் ஆகிறது.
வீட்டைப் பிரித்தோம், படகைப் பிரித்தோம்,
உறைபெட்டியில் கிடந்த மான்கறியைக்கூட
தராசு வைத்துப் பிரித்தோம்.
கார் அன்றைக்கு மெக்கானிக்கிடம் நின்றது.
யாருக்கும் ஞாபகம் வரவில்லை.”

அக்காவின் டிரக்கை இரவல் வாங்கி
நூற்றுப்பத்து மைல் தெற்கே போனேன்.
வழியெல்லாம் வெள்ளை. நடுநடுவே எண்ணெய்க் கிணறுகளின் தலையாட்டல்,
எதைக் கேட்டாலும் சரி சரி என்பதுபோல.

ஆர்டிஸ் கதவைப் பாதி திறந்தாள்.
கையில் மாவு, காலில் ஆண் செருப்பு.
விஷயத்தைச் சொன்னேன்.
“பத்தொன்பது வருடமாக எனக்கு அரை கார் இருந்திருக்கிறது,
நான் பேருந்தில் போய்க்கொண்டிருக்கிறேன்” என்றாள்.
சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.
பிறகு, கோட்டை மாட்டிக்கொண்டே:
“ஹீட்டர்?”
“பக்கத்து இருக்கைக்கு மட்டும்.”
“எனக்காகத்தான் அப்படி வைத்திருக்கிறான் என்று
ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.”

வங்கியில் நோட்டரி
இருமல் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
இன்னொரு தாளை எடுத்தார்.
பத்திரத்தில் ஆர்டீஸ் ஹாகன், எழுத்துப் பிழையோடு.
அடையாள அட்டையில் ஆர்டிஸ் க்விஸ்ட்.
இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று
வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்ய வேண்டும்.

கை பாதி உயரத்தில் நின்றது.
“ஒரே ஆளா?”
நோட்டரி தாளைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்,
என் பூட்ஸிலிருந்து பனி உருகி
கம்பளத்தில் ஒரு தேசப்படம் வரைந்துகொண்டிருந்தது.
“அவளுக்கு நீச்சல் தெரியும்.
அவள் விடிய விடிய சீட்டு விளையாடுவாள்” என்றாள் ஆர்டிஸ்.
“சட்டத்துக்கு அதெல்லாம் வேண்டாம் அம்மா,
பெயர் மட்டும் போதும்.”
“அப்படியானால் சரி, அவள்தான் நான்” என்று போட்டாள்.
ஹாகனின் முதல் எழுத்தில்
பேனா கொஞ்சம் தடுக்கியது.
நோட்டரிக் கட்டணம் ஐந்து டாலரை அவளே கொடுத்தாள்.
என்னைக் கொடுக்க விடவில்லை.

மறுநாள் டோக்கன் பதினேழு.
கோரின் எல்லாத் தாளையும் கவனமாகப் புரட்டி
முத்திரை குத்தினாள், ஒன்று, இரண்டு, மூன்று.
திரையில் என் பெயர் தனியாக நின்றது.
“வேறு யாரையாவது சேர்க்கணுமா?
இப்போதே சொல்லிவிடுங்கள், பிறகென்றால் தனிக் கட்டணம்.”

ஜன்னலுக்கு வெளியே
பியூக்கை ஓடவிட்டுக்கொண்டு கெல்லன்.
கையுறை போட்ட கைகளால் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தான்.
பக்கத்து இருக்கையின் கண்ணாடியில் மட்டும் உறைபனி இல்லை.

“சேர்த்தால்,” என்றாள் கோரின்,
விரல்களைத் தட்டுப்பலகைமேல் நிறுத்தி,
“உம்மா? அல்லதா?”

எனக்குப் பின்னால் பதினெட்டாம் டோக்கன்காரர்
ஏற்கனவே எழுந்து நின்றுகொண்டிருந்தார்.