எடைக்கணக்கு

பழைய இரும்பு என்ன விலை போகும்
என்று பார்த்துவரத்தான் என்னை அனுப்பினார்கள்.

அயோவாவில், ஹோல்ம்பெர்க் ஊருக்கு வடக்கே
எந்தக் கரையையும் தொடாமல்
ஆறு போகும் திக்கிலேயே நீண்டு கிடக்கிறது
ரயில் பாலத்தின் நடுக்கண்.
படகு வந்தால் சுழன்று வழிவிடும்
ரயில் வந்தால் திரும்பி வந்து பொருந்தும்
அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள், 1896இல்.

காவல் கூண்டில் ஒரு பேரேடு.
எலி தின்றது போக மீதி:
மார்ச் 9. பனிக்கட்டி. இரண்டு மணி நேரம் அசையவில்லை.
ஜூலை 2. தர்பூசணிப் படகு. கூடவே ஒரு பசு.
கையெழுத்து, ஹால்வர் எங்கெப்ரெட்சன்.

வெள்ளம் வந்த வருஷத்தில் மட்டும்
எழுத்து கோணுகிறது.
தண்ணீர் தண்டவாளத்தை நக்கிய இரவில்
பாலம் பெயர்ந்து போகாதிருக்க
நிலக்கரி நிரம்பிய பதினோரு பெட்டிகளை
அதன் மேல் கொண்டுவந்து நிறுத்தினார்களாம்.
எஞ்சின் டிரைவர் எமெட் ஸ்லோகம்
இறங்க மாட்டேன் என்றானாம்.
"நானும் நூற்றெண்பது பவுண்டு இருக்கிறேனே."

விடிந்தபோது கிழக்குக் கண்ணைக் காணோம்.
நடுக்கண் நின்றது.
ஸ்லோகம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

கடைசி ரயில் போன மறுநாள்
படகுகளுக்கென்று ஒரேயடியாகத் திறந்துவைத்து
சாவியை ஒப்படைத்திருக்கிறாள்
டொலோரஸ் விட்காம்ப்.
ரசீதின் கார்பன் நகல் பேரேட்டுக்குள் இருக்கிறது.

இப்போது படகும் வருவதில்லை.

தூண் தூணாக அளந்து
அறுநூற்றுப் பன்னிரண்டு டன் என்று எழுதினேன்.
காரில் உட்கார்ந்து மறுபடி கூட்டிப் பார்க்கிறேன்,
நூற்றெண்பது பவுண்டு
உதைக்கிறது.