ஐம்பதுக்குள்

காற்றடித்தே முடித்துவிடலாமே என்றார் ரங்கபாஷ்யம்.
கம்ப்ரஸர் இருக்கிறது, ஒரு மணி நேர வேலை,
லாரிக்காரனிடம் கெஞ்ச வேண்டாம்.
முடியாது சார்.
தண்ணீர் அமுங்காது. தையல் விட்டால்
ஒரு பொட்டு வியர்க்கும், மானியின் முள் விழும்,
அவ்வளவுதான்.
காற்று அப்படி இல்லை.
அமுக்க அமுக்க வன்மம் சேர்த்துவைக்கும்.
ஒரு வெல்டு இடம்கொடுத்தால்
நான் நிற்கும் இடமும் இருக்காது
நீங்கள் கையெழுத்துப் போடும் மேசையும் இருக்காது.

சரி, தண்ணீர்.
எந்தத் தண்ணீர்?

குடிகாட்டில் எங்கே துளை போட்டாலும்
உப்பனாறுதான் முதலில் எட்டிப்பார்க்கிறது.
எங்கள் போர் தண்ணீரில் குளோரைடு எண்ணூற்று நாற்பது.
கலனோ துருப்பிடிக்காத எஃகு.
வீறாப்பெல்லாம் பெயரில்தான்.
நாசிலின் ஓரத் தையலில் ஓர் உப்புத்துளி தங்கிக் காய்ந்தால் போதும்,
ஆறு மாதம் கழித்து
நீராவி ஏறும் ஏதோ ஒரு பின்னிரவில்
மயிரளவு விரிசல் ஒன்று
முருங்கைக் கிளைபோலப் பிரிந்து பிரிந்து போகும்.
வரைபடத்தின் மூலையில், பொடி எழுத்தில், ஏழாவது குறிப்பு:
ஐம்பதுக்குள்.

நெல்லிக்குப்பம் சாலையிலிருந்து இரண்டு லாரி வந்தது.
முப்பத்தெட்டு காட்டியது என் பட்டை.
ஓட்டுநர் அஞ்சாப்புலி பீடியைக் கேட்டுக்கு வெளியே அணைத்துவிட்டுச் சொன்னார்:
ஈச்சங்காட்டு முனையில மறிச்சிட்டாங்க மேடம்.
டேங்குக்குப் போவுதுன்னேன்.
எந்தத் தெரு டேங்குன்னு கேட்டுச்சு ஒரு பொண்ணு.

நான் பச்சையாங்குப்பத்தில் குடியிருக்கிறேன்.
என் சமையலறைக் குழாய் அறுநூற்றுப் பத்து.
பட்டை மீதி இருந்ததால் ஒருநாள் பார்த்தது,
பார்த்திருக்க வேண்டாம்.

உச்சி வாயிலிலிருந்து குமிழி நிற்கும் வரை நிரப்பினோம்.
பதினாலில் ஓடப்போவதைப் பதினெட்டுக்கு ஏற்ற வேண்டும்.
ஆறு, நிறுத்து. பத்து, நிறுத்து.
பன்னிரண்டில் ஆள்நுழை வாயின் மூடியில் ஒரு கசிவு.
ஜக்கரியாவின் ஸ்பானர் தானாகவே மேலே போனது.
கையை எடு, என்று நான் போட்ட சத்தத்தில்
கூரையில் இருந்த புறா பறந்தது.
அழுத்தத்தில் இருக்கும் போல்ட்டைத் தொடக் கூடாது,
அது எந்த முகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று தெரியாது.
முழுக்க இறக்கி,
எதிரெதிராகச் சுற்றி வந்து முடுக்கி,
மறுபடி ஆறு, மறுபடி பத்து.
பதினெட்டில் முப்பது நிமிடம்.
முள் அசையவில்லை. நாங்களும்.

வடிக்கும்போது உச்சி வாயிலைத் திறந்து வை என்று
மூன்று தடவை சொன்னேன், ஜக்கரியாவுக்குக் கோபம்.
மறந்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன்:
நிறைந்திருந்தபோது எதையும் தாங்கியது
காலியாகும்போது
காலால் மிதித்த டப்பாவாகிக் கிடந்தது.

இருபத்திரண்டாயிரம் லிட்டர்.
வடிகாலுக்குக் குழாய் போடப் போனவனை நிறுத்தி அஞ்சாப்புலி கேட்டார்:
நான் எடுத்துக்கிட்டுப் போவட்டுமா மேடம்?
முனையில இன்னும் நிப்பாங்க.

உள்ளே அமிலப் பசை பூசிக் கழுவியது போன வாரம்.
நான்கு முறை கழுவினோம்,
லிட்மஸ் நிறம் மாறவில்லை.
எஃகுக்கு அது போதும்.
வயிற்றுக்குப் போதுமா என்று கேட்கும் கட்டம்
என் படிவத்தில் இல்லை.
என்னிடம் அதற்குப் பட்டையும் இல்லை.

லாரியின் முதுகில் சாக்பீஸால் பெரிதாக எழுதினேன்:
குடிக்க அல்ல.
கீழே சின்னதாக: துவைக்க மட்டும்.
பெயர் போடவில்லை.

ரங்கபாஷ்யத்தின் மேசையில் சான்றிதழை வைத்தேன்:
கசிவு இல்லை, வீக்கம் இல்லை, ஏற்கலாம்.

மறுநாள் காலையில் அதே லாரி
வேறு வேலையாகக் கேட்டுக்கு வந்தது.
முதுகில் கீழ் வரி அப்படியே இருந்தது.
மேல் வரியை யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள்.

இரவு மழை இல்லை.